பச்சை போர்டு விளக்குகள்

மனாமா
19 ஆகஸ்ட் 2016

அக்கா,

ஒன்றரை வருடத்துக்குப் பிறகு எழுதுகிறேன். நலம் விசாரிக்க எழுதவில்லை. அதை நீயும் எதிர்பார்க்க மாட்டாய். நீ இதைப் பட்டறையில் எல்லார் முன்னாலும் வாசிக்க வேண்டும் என்பதால்தான் போனில் சொல்லாமல் மெயிலில் எழுதுகிறேன். புதிதாக வந்தவர்களுக்கும் விளங்க வேண்டும், அதனால் முதலிலிருந்து சொல்கிறேன்.

இரவில் வலை கிடக்கும் இடம் தெரிவதற்காக மிதப்பில் கட்டும் விளக்கைப் பற்றியது இது. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கும் செல்லை எடுக்கிறோம். வெயிலில் வைக்கும் சோலார் பலகையிலிருந்து அதற்குச் சார்ஜ் போகிறது. செல் நிறைந்ததும் சார்ஜை வெட்டிவிட நகத்தளவு போர்டு ஒன்று நடுவில் இருக்கிறது. அது வெட்டாவிட்டால் செல் சூடாகிக்கொண்டே போய் வெடிக்கும்.

நான் ஊரில் இருந்தபோது எர்ணாகுளத்திலிருந்து வாங்கியது சிவப்பு போர்டு. இப்போது சந்தையில் வருவது பச்சை. அளவும் அதே, மேலே அச்சடித்திருக்கும் எழுத்தும் அதே. நான் வேலை செய்யும் யுபிஎஸ் பழுதுபார்க்கும் கடைக்கும் அந்தப் பச்சை போர்டு வந்தது. போன வாரம் சார்ஜில் இருந்த ஒன்று தீப்பிடித்துப் பக்கத்தில் இருந்த நேபாளத்துக்காரரின் முகம் கருகியது. மிச்சமிருந்ததை நான் பிரித்துப் பார்த்தேன். பலவற்றில் வெட்டுகிற சில்லே கிடையாது. அந்த இடத்தில் வெறும் கறுப்புத் துண்டு ஒட்டியிருக்கிறது.

பட்டறையில் இப்போது என்ன போர்டு வாங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. பச்சை என்றால் அந்த விளக்குகளை இனி யாரும் சார்ஜில் போடக் கூடாது. கொடுத்ததையெல்லாம் திரும்ப வாங்கு. நம் செய்முறைப் படத்தைப் பார்த்து வெளியூரில் செய்தவர்களுக்கும் சொல்லியனுப்பு.

சஜின்

*

21 ஆகஸ்ட் 2016

சஜின்,

உன் மெயிலை நேற்று மதியமே பார்த்தேன். சாயங்காலம் சனிக்கிழமைக் கூட்டம் இருந்தது. நான் அதை வாசிக்கவில்லை. ஏன் வாசிக்கவில்லை என்று சொல்கிறேன்.

அம்மாவின் நினைவு நாளுக்கு வருட ஜெபம் வைத்தோம். உனக்குச் சொல்லியனுப்பியும் ஒரு வரி வரவில்லை. எனக்கு டைபாய்டு வந்து கோட்டாறு ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அப்போதும் இல்லை. இப்போது மட்டும், பட்டறை நன்றாக நடக்கிற நேரம் பார்த்து, எல்லாவற்றையும் திரும்ப வாங்கு என்று வருகிறது.

கோயில் ஹாலுக்குப் பின்னால் வலை போட்டு வைத்திருந்த அறையில் நாம் இரண்டு பேரும் பெஞ்சு போட்டு ஆரம்பித்ததுதான். இன்று உட்கார இடமில்லை. மார்த்தாண்டத்திலிருந்து பாலிடெக்னிக் டீச்சர் பெபிஷா வாராவாரம் பஸ்ஸேறி வருகிறாள். மீன்பெட்டிக்குள் எவ்வளவு குளிர் இருக்கிறது என்று காட்டும் கருவியைப் பெண்களே செய்து மீன் விற்கக் கொண்டுபோகிறார்கள். விதி பழைய விதிதான்: செய்தவர் எல்லாருக்கும் காட்ட வேண்டும், கற்றவர் இன்னொருவருக்குக் கற்றுக்கொடுக்க வேண்டும். அந்த விதி பிடிக்காமல்தானே நீ போனாய். நாகர்கோவில் கடைக்காரரோடு சேர்ந்து விளக்கை விற்கப் போகிறேன் என்றாய். நான் விளக்கின் படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன், வாட்சப்பிலும் போட்டேன். மறுவாரம் நீ பஹ்ரைனில் இருந்தாய்.

இதையும் கேள். இந்த மாதத் தொடக்கத்தில் அதே கடைக்காரரின் வண்டி நம் கரைக்கு வந்தது. கம்பெனி விளக்கை விற்றுக்கொண்டே அதில் வந்த ஆள் எல்லாரிடமும் சொன்னான், வீட்டில் செய்த விளக்கு தீப்பிடிக்கும் என்று. பத்து நாள் கழித்து உன் மெயிலில் அதே பேச்சு. நான் என்ன நினைக்க வேண்டும்?

எங்கள் விளக்கு எதுவும் இதுவரை தீப்பிடிக்கவில்லை. நாங்கள் இப்போது வாங்குவது பச்சை போர்டுதான்.

சிந்தியா

*

மனாமா
22 ஆகஸ்ட் 2016

அக்கா,

கடைக்காரரோடு பேசி ஒன்றரை வருடமாகிறது. நீ நம்பவில்லை என்றால் எனக்கு நிரூபிக்க வழியில்லை. என்னை நம்ப வேண்டாம். மீட்டரை நம்பு.

பச்சை போர்டு வைத்த விளக்கு சிலவற்றை எடுத்துக்கொள். சோதனையை வீட்டில் செய்யாதே, கடற்கரை மணலில் செய். நல்ல வெயிலில் சோலார் பலகையை மாட்டிவிட்டு, நீளமான வயரில் மீட்டரைக் கட்டி, தள்ளி நின்று பார். நாலு புள்ளி இரண்டு வோல்ட் வந்ததும் நிற்க வேண்டும். தாண்டினால் போர்டு வெட்டவில்லை என்று அர்த்தம். உடனே பலகையைத் துணியால் மூடு. பக்கத்தில் போகாதே. வாளியில் மணல் வைத்துக்கொள்.

இன்னொன்று. அத்தான் கொச்சியிலிருந்து கடலுக்குப் போயிருக்கிறாரா? போட்டில் அந்த விளக்கு இருக்கிறதா?

இதற்காவது இன்றே பதில் எழுது.

சஜின்

*

24 ஆகஸ்ட் 2016

சஜின்,

உன் மெயிலைப் பார்த்ததும் பெபிஷாவுக்குப் போன் செய்தேன். அவள் லீவு போட்டுவிட்டு இன்று காலையிலேயே வந்தாள். பாறைக்கு அந்தப் பக்கம், யாரும் வலை காயப் போடாத இடத்தில் மூன்று விளக்கை வைத்தோம். இரண்டு பச்சை, ஒன்று நீ இருந்தபோது செய்த சிவப்பு.

சிவப்பு நாலு புள்ளி இரண்டில் நின்றது. பச்சையில் ஒன்றும் நின்றது. எனக்கு உள்ளுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததை மறைக்கவில்லை. பெபிஷாவைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மூன்றாவது மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அது நாலு புள்ளி மூன்றைத் தாண்டியது. பிறகு நாலு புள்ளி ஐந்து. நான் துணியை எடுத்துக்கொண்டு ஓட எழுந்தபோது பெபிஷா என் கையைப் பிடித்து இழுத்தாள். அந்த நேரம் விளக்கை அடைத்திருக்கும் பிளாஸ்டிக் குழாய்க்குள்ளிருந்து குக்கர் மாதிரிச் சீறும் சத்தம் வந்தது. வெள்ளையாகப் புகை, உடனே தீ. குழாயின் மூடி பறந்து எங்களைத் தாண்டி விழுந்தது. மணலைப் போட்டும் தணிந்து மறுபடி பிடித்தது.

அந்த மாதிரி விளக்கைத்தான் நான் என் கையால் ஆட்களுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கவில்லை. சாயங்காலமே மணியடித்துக் கூட்டினோம். உன் முதல் மெயிலை ஒரு எழுத்து விடாமல் வாசித்தேன். போட்டுச் சங்கச் செயலாளர் இஸ்ரவேல் அண்ணன் எழுந்தார். அவருடைய வள்ளத்தில் ஆறு விளக்கு இருக்கிறது. "செய்யச் சொன்னதும் நீங்க, செய்யாதன்னு சொல்லுயதும் நீங்க. நடுக்கடல்ல நிக்கியவனுக்கு ஆரு சொல்லுவா?" என்று கேட்டார். அவர் போய் ஆறு விளக்கையும் கொண்டுவந்து என் காலடியில் வைத்தார்.

உன் அத்தானைக் கேட்டாய். பிபின் பத்தாம் தேதி கொச்சியிலிருந்து போனார். போட்டில் பச்சை போர்டு விளக்கு இருக்கிறது, போன மாதம் இங்கே உட்கார்ந்து அவரே செய்தது. போட்டு கரையைவிட்டு வெகுதூரம், ஆழ்கடலில் நிற்கிறது. போன் கிடைக்காது. துறைமுகத்தில் வேறு போட்டுக்காரர்களுக்கும் செய்யக் கற்றுக்கொடுத்ததாகப் போகும் முன் பெருமையாகச் சொன்னார். யாருக்கு என்று நான் கேட்கவில்லை.

நீ சொன்னது சரி. அதனால் நீ என்னிடம் சொல்லாமல் போனது சரி என்று ஆகிவிடாது.

சிந்தியா

*

மனாமா
25 ஆகஸ்ட் 2016

அக்கா,

அதைப் பிறகு பேசுவோம்.

கரையிலிருந்து வயர்லெஸ்ஸில் கூப்பிட்டால் அத்தான் போட்டுக்கு எட்டாது. ஆனால் போட்டிலிருந்து போட்டுக்கு எட்டும். கொச்சித் துறைமுகத்துக்கு நீயே போ. சங்கத்து வயர்லெஸ்ஸில் சொல். கேட்கும் ஒவ்வொரு போட்டும் அடுத்த போட்டுக்குச் சொல்லட்டும். பச்சையா சிவப்பா என்று பார்க்கச் சொல்லாதே. குழாயைத் திறந்து பார்க்கப் போய் யாராவது கை சுட்டுக்கொள்வார்கள். ஒரே வரி போதும்: சோலாரில் மாட்டியிருக்கும் மிதப்பு விளக்கை உடனே கழற்றிக் கடலில் போடு. நீளமாகச் சொன்னால் பத்தாவது போட்டுக்குப் போகும்போது வேறாக மாறிவிடும்.

வாட்சப்பில் இருக்கும் பழைய படத்தை நீ அழித்தாலும் பயனில்லை, எத்தனை பேர் போனில் இருக்கிறதோ. அதே படத்தில் போர்டு இருக்கும் இடத்தைச் சிவப்பு மையால் அடித்து, பச்சை போர்டு வேண்டாம் என்று எழுதி, அதையே எல்லாக் குழுவிலும் போடு.

நான் லீவு கேட்டிருக்கிறேன்.

சஜின்

*

கொச்சி
28 ஆகஸ்ட் 2016

சஜின்,

பெபிஷாவும் நானும் வெள்ளிக்கிழமை இங்கே வந்தோம். இதைத் துறைமுகத்துக்கு வெளியே ஒரு இன்டர்நெட் கடையிலிருந்து எழுதுகிறேன். உடம்பெல்லாம் டீசல் நாற்றம்.

சங்க ஆபீசில் முதலில் வயர்லெஸ்ஸைத் தரவில்லை. பெண் குரல் கேட்டால் யாரும் பொருட்டாக எடுக்க மாட்டார்கள் என்றார் அங்கிருந்தவர். இஸ்ரவேல் அண்ணனுக்குப் போன் போட்டோம். அவர் சொன்ன பிறகுதான் கொடுத்தார்கள். நீ சொன்ன அந்த ஒரு வரியை நானே சொன்னேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். முதலில் பதில் வந்த போட்டுக்காரர் சிரித்தார். தன்னிடம் அந்த விளக்கு இல்லையாம். அடுத்தவருக்குச் சொல்லுங்கள் என்றேன். சொல்கிறேன் என்றார். சொன்னாரா என்று எப்படித் தெரியும்?

நேற்று இரண்டு போட்டுகளிலிருந்து விளக்கைக் கடலில் போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. பிபினின் போட்டுப் பெயரைச் சொல்லிக் கேட்கிறேன். யாரும் பார்க்கவில்லை.

கரையில் நிற்கும் போட்டுகளில் ஏறித் தேடினோம். நம் விளக்கு எத்தனை உருவத்தில் இருக்கிறது என்று நீ பார்க்க வேண்டும். குழாய்க்குப் பதில் ஊறுகாய் ஜாடி, குளுக்கோஸ் டப்பா. ஒருவர் நம் படத்தில் இல்லாத ஸ்விட்ச் ஒன்றை வைத்திருந்தார், நல்ல யோசனை. யாரிடம் கற்றீர்கள் என்று கேட்டால் எல்லாரும் வேறு ஒரு போட்டுக்காரர் பெயரைச் சொல்கிறார்கள். பிபின் சொல்லிக்கொடுத்தது நாலு கை மாறிவிட்டது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். நானோ ஒவ்வொன்றாக வாங்கி மணல் வாளியில் புதைத்துக்கொண்டிருக்கிறேன்.

உன் லீவு என்ன ஆயிற்று?

சிந்தியா

*

மனாமா
29 ஆகஸ்ட் 2016

அக்கா,

லீவு இல்லை. பாஸ்போர்ட் முதலாளியிடம் இருக்கிறது. இரண்டு மாதம் கழித்துப் பார்க்கலாம் என்கிறார்.

கடையில் கை வேலை செய்கிறது, நினைப்பு அங்கேயே இருக்கிறது. போர்டைப் பிரித்துப் பார்த்த அன்றே உனக்குப் போன் செய்திருக்கலாம். நீ கத்துவாய், நானும் கத்துவேன் என்று தோன்றியதால் இரண்டு நாள் வார்த்தை தேடினேன். பிறகு நாம் இருவரும் சண்டையில் மூன்று நாள் போக்கினோம்.

அத்தான் பற்றி எது தெரிந்தாலும், நல்லதோ கெட்டதோ, எழுது.

சஜின்

*

2 செப்டம்பர் 2016

சஜின்,

பிபின் கரைக்கு வந்துவிட்டார். அவருக்கு ஒன்றுமில்லை. இதை முதலில் எழுதிவிட்டேன். மற்றதை மெதுவாகப் படி.

செவ்வாய்க்கிழமை பகலில் செய்தி அவர்கள் போட்டுக்கு எட்டியிருக்கிறது. வேறொரு போட்டுக்காரர் சொல்லியிருக்கிறார். பிபின் விளக்குகளைக் கழற்றிக் கடலில் போட்டுவிட்டு, அதே வரியை வயர்லெஸ்ஸில் அடுத்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறார். அப்போது தெற்கே நின்ற ஒரு போட்டிலிருந்து பதில் வந்ததாம். "இனி சொல்லி என்ன அண்ணா, இஞ்ச எரிஞ்சாச்சி. ஆளு கெடக்குது."

கூரையில் இருந்த சோலார் பலகையிலிருந்து வயர் இழுத்து, படுக்கைப் பலகைக்கு அடியில் விளக்குகளை ஒன்றாகப் போட்டுச் சார்ஜ் ஏற்றியிருக்கிறார்கள். மேலே படுத்திருந்தவர் பெயர் ரசலையன். தூத்தூர்ப் பக்கம். தீயை அணைக்க எரிகிற விளக்கைக் கையால் வாரி வெளியே எறிந்திருக்கிறார். இன்னும் ஒரு நிமிடம் போயிருந்தால் டீசல் டாங்கு பிடித்திருக்கும், போட்டில் இருந்த ஐந்து பேரும் போயிருப்பார்கள் என்று பிபின் சொல்கிறார். அந்தப் போட்டின் இஞ்சின் வயரும் கருகியதால் அவர்களால் ஓட்ட முடியவில்லை. பிபினின் போட்டுதான் வலையை அறுத்துவிட்டுப் போய் ரசலையனை ஏற்றிக்கொண்டு வந்தது. கரை சேர ஒன்றரை நாள். வழியெல்லாம் அவர் கையில் ஐஸ் தண்ணீர் ஊற்றிக்கொண்டே வந்ததாகச் சொன்னார்கள்.

இங்கே கொச்சி ஆஸ்பத்திரியில் போய்ப் பார்த்தேன். உயிருக்குப் பயமில்லை. வலது கை விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிவிட்டன. வலது கண் தெரியுமா என்று இப்போது சொல்ல முடியாதாம்.

நான் இன்னாரென்று சொல்லாமலே வந்துவிட்டேன்.

நேற்று சோறு வைத்தபோது பிபின் தட்டைத் தள்ளிவைத்துவிட்டுச் சொன்னார், "அவனுக்கு அத செய்யப் படிப்பிச்சது நானாக்கும்."

சிந்தியா

*

மனாமா
3 செப்டம்பர் 2016

அக்கா,

பட்டறையை மூடு.

கோபத்தில் சொல்லவில்லை. ஒருவர் ஒரு பொருளை விற்றால் எத்தனை போயிற்று, யாரிடம் போயிற்று என்று தெரியும். நாம் பகிர்ந்தோம். அதனால் யாரிடம் இருக்கிறது என்றே தெரியவில்லை. போர்டு கெட்டது என்று இப்போது நமக்குத் தெரியும். நாளைக்கு வேறொன்று வரும், கம்பி, பசை, ஏதோ ஒன்று. அன்றைக்கும் நீ கொச்சியில் நின்று வயர்லெஸ்ஸில் கத்துவாயா?

அந்தப் படத்தை வரைந்தது நான். கீழே என் பெயர் இருக்கிறது. ரசலையன் என் முகத்தைக்கூடப் பார்த்ததில்லை. நான் வரைந்த கோட்டைப் பார்த்து அவர் செய்தார். நான் இங்கே ஏசி அறையில் இருக்கிறேன்.

அத்தானிடம் சொல், அவர் மேல் தப்பில்லை என்று. சொன்னால் கேட்பாரா தெரியாது.

மூடு, அக்கா.

சஜின்

*

11 செப்டம்பர் 2016

சஜின்,

உன் மெயிலை ஒரு வாரமாகத் திரும்பத் திரும்பப் படித்தேன். நேற்றுக் கூட்டத்தில் மூடிவிடலாம் என்று நானே சொல்வதாகத்தான் இருந்தேன்.

கூட்டம் தொடங்கும் நேரம் வெளியே ஆட்டோ வந்து நின்றது. ஒரு பெண் இறங்கினார். கையில் இரும்பு வாளி, வாளி நிறைய மணல். மணலுக்குள்ளிருந்து குழாய் முனை ஒன்று தெரிந்தது. ரசலையனின் மனைவி என்று அவர் சொல்லும் முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. பெயர் பூங்கனி. பிபின் வாசலில் நின்றிருந்தார். பூங்கனியைப் பார்த்ததும் தலைகுனிந்து பின்னால் போய்விட்டார்.

இஸ்ரவேல் அண்ணன் நாற்காலி எடுத்துப் போட்டார். பூங்கனி உட்காரவில்லை. வாளியை மேஜைமேல் வைத்தார். அவர் கணவர் வீட்டுக்கென்று செய்து வைத்திருந்த விளக்காம் அது. பிள்ளைகள் இரவு அதை வைத்துத்தான் படிப்பார்களாம். வாட்சப்பில் வந்த சிவப்பு அடித்த படத்தைப் பார்த்து மணலில் புதைத்து, ஆட்டோக்காரரிடம் விஷயம் சொல்லி, மடியில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார்.

நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"ஆரு செஞ்சதுன்னு கேக்க வரல்ல. எங்க கரையில இன்னும் எத்தர வீட்டுல இது இருக்குன்னு ஒங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றேன்.

"எனக்குத் தெரியும். எந்தெந்த வீட்டுல எரியுதுன்னு சந்தியில நின்னா தெரியும்லா. நான் போயி கேட்டா தரமாட்டேங்கான். புருசன் கை வெந்ததுல இவளுக்குப் புத்தி கலங்கிட்டுன்னு சொல்லுயான். அந்த மீட்டரக் கொண்டுகிட்டு வாங்க. அவன் கண்ணு முன்னால வச்சுக் காட்டுங்க."

சாயங்காலம் ஆகிவிட்டது, நாளைக்கு வருகிறோம் என்று பெபிஷா சொன்னாள். "வெடிஞ்சு வெயிலு வந்ததும் சார்ஜில போட்டுருவானே?" என்று கேட்டார் பூங்கனி. அவ்வளவுதான். இஸ்ரவேல் அண்ணன் வேனை எடுத்தார். பட்டறையில் இருந்தவர்கள் எல்லாரும் ஏறினார்கள். இடமில்லாதவர்கள் பைக்கில் வந்தார்கள். பிபின் கடைசியில் வந்து, பூங்கனி பார்க்காத பக்கமாக ஏறினார்.

அந்தக் கரையில் ஒவ்வொரு வீடாகப் போனோம். பூங்கனி முன்னால் நடந்தார். சில வீட்டில் பேசாமல் எடுத்துத் தந்தார்கள். சில வீட்டில் வாசலில் நிறுத்தி ஏசினார்கள். ஒருவர் எங்களைக் கடைக்காரரின் ஆட்கள் என்றார், நான் உன்னைச் சொன்னேனே அதே மாதிரி. அந்த வீட்டில் பிபின்தான் முன்னால் போனார். ரசலையனுக்கு இதைக் கற்றுக்கொடுத்தது தான்தான் என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். பூங்கனிக்கு அது காதில் விழுந்தது. அவர் திரும்பி உன் அத்தானை வெகுநேரம் பார்த்தார். அந்த வீட்டு விளக்கை வாங்கி, உள்ளங்கையில் சூடு பார்த்து, வாளிக்குள் புதைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு நடந்தார்.

எல்லாம் கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். நாளைக்குப் பக்கத்துக் கரைக்குப் போகிறோம். அங்கே வழிகாட்ட பூங்கனியின் அண்ணி இருக்கிறாராம். யாரிடம் போயிற்று என்று தெரியவில்லை என்று எழுதினாய். கரைக்குக் கரை தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், நாம்தான் கேட்கவில்லை. அதனால் மூடவில்லை. இனி எந்தப் பொருளின் படமும், பெபிஷாவும் இன்னும் இரண்டு பேரும் அந்தப் பொருளை மணலில் வைத்துச் சோதித்துப் பார்க்காமல், அறிவிப்புப் பலகையில் ஏறாது. அது போதுமா என்று எனக்குத் தெரியாது.

திரும்பும்போது வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்று பூங்கனி இன்னொன்றும் கேட்டார். இந்தப் படத்தை வரைந்த ஆள் யார் என்று. என் தம்பி, பஹ்ரைனில் இருக்கிறான், பெயர் சஜின் என்றேன். பேச வேண்டும், நம்பர் தாருங்கள் என்றார். என்ன பேசுவார் என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

கொடுத்திருக்கிறேன். இன்று பூசை முடிந்து வந்ததும் கூப்பிடுவார். எடு.

அக்கா